சக்கையைத் தூக்கி எறியாதீர்கள்: பசி தாங்கும் சாப்பாட்டுக்கு ஒரு நெல்லை வழிகாட்டி

அல்வா கிண்டுவதற்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, துணியில் போட்டுப் பால் பிழிவார்கள். பிழிந்ததைத் திரும்ப ஆட்டுக்கல்லில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால். எல்லாம் முடிந்ததும் துணியில் இரண்டு கைப்பிடி பழுப்புச் சக்கை மிஞ்சும். ஈர மரத்தூள் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் ருசியே கிடையாது. எங்கள் ஆச்சி அதை அப்படியே வாரிக் கழனித் தொட்டியில் போடுவாள். மாடு தலையைத் தூக்காமல் தின்னும். பாலோ சீனியும் நெய்யும் சேர்ந்து, கிண்டக் கிண்டச் சுருண்டு, கடைசியில் பல்லுக்கு வேலையே வைக்காமல் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். நூறு கிராம் தின்ற பிறகும் கை அடுத்த துண்டைத் தேடும்.

கோதுமையின் நார்ச்சத்தில் பெரும்பங்கு அந்தச் சக்கையோடு போய்விடுகிறது. அல்வாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. திருநெல்வேலி டவுனில் பிறந்தவன் அப்படிச் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அல்வாவுக்கு ஒரு நாள் நடப்பது மற்றச் சாப்பாட்டுக்கு அன்றாடம் நடக்கிறது. நெல்லைத் தீட்டித் தவிட்டை எடுத்துவிடுகிறோம். உளுந்தைக் களைந்து தொலியைக் கொட்டுகிறோம். கோதுமை மாவைச் சலிக்கிறோம். பழத்தைப் பிழிந்து குடிக்கிறோம். பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லையே, அதற்குள் வயிறு ஏன் கூப்பிடுகிறது என்று கேட்கிறோம்.

நான் வண்ணார்பேட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் பதினொரு மணிக்கு வடைக் கடைப் பக்கம் கால் தானாகப் போகும். மூன்று வருடமாகச் சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்ததில் எது பசி தாங்கியது, எது தாங்கவில்லை என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ‘மெதுவாக, தண்ணீரோடு’ என்ற பகுதியை முதலில் படித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

வயிறு எப்போது போதும் என்கிறது

வயிறு முதலில் அளப்பது இடத்தை. உணவு இறங்கி வயிற்றின் சுவர் விரியும்போது அங்கிருக்கும் நரம்புகள் மூளைக்குத் தகவல் சொல்கின்றன. கீரையும் காயும் வேகவைத்த பயறும் தண்ணீரையும் நாரையும் சுமந்து வருவதால், குறைந்த கலோரியில் நிறைய இடத்தை அடைக்கின்றன. எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம் நேர் எதிர்.

அடுத்தது வேகம். கெட்டியான உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்காகும்வரை வயிறு கடைந்துகொண்டே இருக்கும். அதன்பிறகுதான் சிறுகுடலுக்கு விடும். நீராகக் குடித்தது அப்படிக் காத்திருப்பதில்லை. வெண்டைக்காய், வெந்தயம், உளுந்து ஆகியவற்றில் இருக்கும் கொழகொழப்பு கரையும் நார்ச்சத்து. அது தண்ணீரைப் பிடித்துக் கூழாகி இறக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. தவிடு, தொலி, தும்பு போன்றவை கரையாதவை. அவை மெல்ல வைக்கின்றன, மலத்துக்குப் பருமன் தருகின்றன. மெல்லுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ‘போதும்’ என்ற செய்தி முழுதாக வந்து சேர இருபது நிமிடம் போல ஆகும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்கு அந்தச் செய்தி கை கழுவிய பிறகுதான் வரும்.

கடைசிக் கட்டம் பெருங்குடலில். நம்மால் செரிக்க முடியாத நாரை அங்கே வாழும் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பசியை அடக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்னும் ஹார்மோன்களைக் குடல் சுரக்க இவையும் தூண்டுகின்றன. வாயு பிரிவதும் இந்தப் புளிப்பால்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வயது வந்தோருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, அதுவும் உணவில் இயல்பாகவே இருப்பது, வேண்டும் என்கிறது. காயும் பழமுமாக 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. நம் பக்கத்துப் பொருள்களில் கணக்குப் பாருங்கள். 100 கிராம் வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 3 கிராம்தான் இருக்கிறது. மைதாவும் அப்படியே. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் போல. தொலி நீக்கிய உளுத்தம்பருப்பில் 12. தொலியோடு கூடிய முழு உளுந்தில் 20. கறுப்புக் கொண்டைக்கடலையில் 25. மூன்று வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிட்டு, ரசமும் அப்பளமுமாக முடித்துக்கொள்கிறவருக்குப் பத்து கிராம் கிடைத்தாலே அதிகம்.

இந்த எண்களைப் பார்த்ததும் நான் செய்த தவறு, நார்ச்சத்து மாவு டப்பா ஒன்றை வாங்கி மோரில் கலக்கிக் குடித்தது. பதினொரு மணி வடை நிற்கவில்லை. பிறகு படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இருபது பேரை ஓரிடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பண்டங்கள், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய நார்ச்சத்தின் அளவு சமம். ஆலைப் பண்டத்தில் குறைந்ததைப் பானத்தில் கரைத்து ஈடுசெய்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதில், ஆலைப் பண்டம் தின்ற நாட்களில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். வேகமாகவும் சாப்பிட்டார்.

இன்னொன்றும் என் நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்றால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, ஆரஞ்சுக்கு 202, வெண்ணெய் போட்டு அடுக்கிச் சுடும் குருவாசானுக்கு வெறும் 47. வெள்ளை அரிசிக்கு 138, தவிடு நீக்காத அரிசிக்கு 132! நார் கூடுதலாக இருந்தும் தவிட்டரிசி முந்தவில்லை. ஆகவே கைக்குத்தல் அரிசி மூட்டை வாங்கிப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். சத்துக் காரணங்களுக்காக வாங்கலாம், தப்பில்லை. பசி தாங்குவது தட்டில் மொத்தமாக என்ன இருக்கிறது, அது எந்த வடிவத்தில் வாய்க்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், எத்தனை மணிக்கு உண்மையாகப் பசித்தது என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். உண்மைப் பசியையும் வாய் ஆசையையும் பிரிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது: அந்த நேரத்தில் யாராவது வேகவைத்த சிறுபயறு கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் பசி. பஜ்ஜி என்றால் மட்டும் சம்மதம் என்றால் அது வேறு.

என் நோட்டில் அந்த வாரம்: ஆறு இட்லியும் சட்னியும், இரண்டு மணி பத்து நிமிடம். மெஸ் சாப்பாடு, மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் உளுந்தஞ்சோறு, ஐந்தரை மணி நேரம். மூன்றாவது வரியைப் பார்த்ததும் மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு அத்தையைப் போய்ப் பிடித்தேன்.

உளுந்தஞ்சோறு: இதிலிருந்து தொடங்குங்கள்

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது புதிது இல்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்த வீட்டில் உளுந்தங்களியும் உளுந்தஞ்சோறும்தான் மணக்கும். இடுப்புக்குப் பலம் என்பார்கள். வேலை மாறுதலில் இங்கே வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காகச் செய்முறையை முழுதாகச் சொல்கிறேன். ஒரு குக்கர் போதும்.

நயினார்குளம் மார்க்கெட் பக்கம் ஏதாவது பலசரக்குக் கடையில் தொலி உளுந்து என்று கேளுங்கள். “களிக்கா, சோற்றுக்கா?” என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்பார். சோற்றுக்கு என்றால் தொலியோடு உடைத்ததைத் தருவார். ஒருபக்கம் கறுப்பு, ஒருபக்கம் வெள்ளை. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில், கறுப்புப் பக்கம் மினுங்கி வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். வெள்ளைப் பக்கம் லேசாகப் பொன்னிறம் ஆனால் போதும், சிவந்தால் கசக்கும். பிறகு கழுவுவது. இங்கேதான் அத்தை என் கையைத் தட்டிவிட்டார்கள். நான் பழக்கத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழுவ, தொலி மிதந்து வந்தது. அதை வடிக்கப் போனேன். “தொலியை வடித்துவிட்டு எதைத் தின்னப் போகிறீர்கள்?” என்றார்கள். தண்ணீரை ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றி மெதுவாக வடித்தால் தூசி போய்விடும், தொலி தங்கும்.

அரிசி, உளுந்து, பதினைந்து பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. மொத்த அளவுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு தண்ணீர். நான்கைந்து விசில். திறக்கும்போது சோறு குழைந்தும் குழையாமலும், சாம்பல் நிறத்தில், கறுப்புத் தொலி புள்ளி புள்ளியாக இருக்கும். பார்வைக்கு அழகு என்று சொல்லமாட்டேன். எள்ளுத் துவையல் ஓர் உருண்டை, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய், பக்கத்தில் அவியல். சோற்றைக் கொஞ்சமாக வையுங்கள். முதல் தடவை, வழக்கமாகச் சாப்பிடும் சோற்றளவுக்கு வைத்துக்கொண்டு பாதியில் திணறினேன்.

இதில் நான் சொன்னது அத்தனையும் ஒன்றுசேர்கிறது. தொலி இருக்கிறது, கொழகொழப்பு இருக்கிறது, உளுந்தின் புரதம் இருக்கிறது, குழைந்த சோறு நிறையத் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கிறது. உணவுக்குள்ளேயே இருக்கும் தண்ணீர், பக்கத்தில் டம்ளரில் வைத்துக் குடிக்கும் தண்ணீரைவிட நன்றாக வயிற்றை நிறைக்கும்.

வாரம் ஒருமுறை போதும். மற்ற நாட்களுக்கு இதே வேலையைக் கூட்டாஞ்சோறு செய்யும்: துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், சீனியவரைக்காய் (வெளியூரில் கொத்தவரங்காய்), வாழைக்காய் என்று கையில் இருப்பதை எல்லாம் போட்டு ஆக்குவது.

காலை

இட்லியை விடச் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 அரிசி விளைகிற ஊரில் இட்லியை விடு என்று யார் சொல்ல முடியும்? மாவாக அரைத்து, புளிக்கவைத்து, பஞ்சு மாதிரி அவித்த பண்டம் சீக்கிரம் செரிக்கத்தானே செய்யும். காய்ச்சல்காரருக்கு அதனால்தான் இட்லி. அதைத் தடுக்காமல், பக்கத்தில் வருவதை மாற்றுங்கள். ஆறு இட்லி, சட்னி என்பதை நான்கு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் என்று ஆக்கினேன். சாம்பாரில் பருப்பு தெரிய வேண்டும், முருங்கைக்காயும் தடியங்காயும் கரண்டியில் ஏற வேண்டும். ஓட்டல் சாம்பாரில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

தோசைக்குத் தொலி உளுந்தையே களையாமல் போட்டு அரைக்கலாம். இட்லிக்குப் போட்டால் நிறம் சாம்பலாகிப் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். தோசையில் முறுகலுக்குள் நிறம் மறைந்துவிடுகிறது.

கேழ்வரகு சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கூழாகக் கரைத்துக் குடித்தால் இரண்டு நிமிடத்தில் செம்பு காலி. அதே மாவைக் களியாகக் கிண்டி, ஒரு குழி பண்ணிக் கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் கால் மணி நேரம். நார் ஒன்றுதான், பசி தாங்குவது ஒன்றாக இல்லை. வெயில் காலத்தில் கூழ் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே சின்ன வெங்காயம், சீனியவரை வற்றல் என்று கடிக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழையசோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். ஆறிக் குளிர்ந்த சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறி நார் போல நடந்துகொள்வது உண்மை. அளவு சிறியது. சகல நோய்க்கும் மருந்து என்று வரும் செய்திகளை அப்படியே தள்ளிவிடுங்கள்.

மதிய இலை

சோற்றைக் குறைக்க வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாம் நாள் தோற்றுவிடுவீர்கள். நான் தோற்றேன். கூட்ட வேண்டியதை முதலில் கூட்டுங்கள். இலையில் பொரியலும் கூட்டும் ஒரு ஓரத்தில் ஊறுகாய் மாதிரி வைக்கப்படுவதுதான் நம் வழக்கம். அதை ஒரு கரண்டியிலிருந்து மூன்று கரண்டியாக்குங்கள். சோற்றில் கை வைக்குமுன் ஒரு கரண்டியை வெறுமனே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவை சோறு வாங்குவது தானாக நின்றுவிடுகிறது.

என்ன காய் என்றால் இங்கே பஞ்சமே இல்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாக வருகிறது. சீனியவரைக்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ எல்லாம் நார் மிகுந்தவை. வாழைத்தண்டைச் சாறு எடுத்துக் குடிக்கிறார்கள். தயவுசெய்து கறியாக வைத்துச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை 100 கிராமில் 8 கிராம் நார் உண்டு, பெரும்பாலும் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும்.

காணத்துவையல் தெரியுமா? வெளியூரில் கொள்ளு என்பது இங்கே காணம். வறுத்து, மிளகாய், புளி, பூண்டு, தேங்காய் வைத்துக் கொரகொரப்பாக அரைப்பது. கொரகொரப்பு போய் வெண்ணெயாக அரைத்தால் ருசியும் போச்சு, மெல்லுகிற வேலையும் போச்சு.

மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் பொரியலை இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சோறு கேட்கக் கூச்சம் இல்லை, பொரியல் கேட்கத்தான் கூச்சம்! கேளுங்கள். தரவில்லை என்றால் அறையிலிருந்தே ஒரு டப்பாவில் வெள்ளரிக்காயும் வேகவைத்த தட்டாம்பயறும் கொண்டுபோங்கள்.

நாலு மணி

இந்த நேரத்தில்தான் எல்லாம் கெடுகிறது. தேநீர்க் கடையில் பஜ்ஜி எண்ணெயை விட்டு எழும்பும் நேரமும் நம் மதியச் சாப்பாடு இறங்கும் நேரமும் ஒன்று. கடைக்குப் போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. போகுமுன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். முந்தின இரவு ஊறப்போட்ட கறுப்புக் கொண்டைக்கடலை, உலர்ந்த கணக்கில் 30 கிராம், சுண்டலாக: 7 கிராம் நார் அதிலேயே வந்துவிடுகிறது. அல்லது ஒரு கொய்யா. கொட்டையோடு, தோலோடு.

பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள் என்பதற்கு 1977-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை நல்ல சாட்சி. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். சாற்றைக் குடிக்க ஆன நேரம், முழுப் பழம் தின்ற நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. வயிறு நிறைந்தது முழுப் பழத்தில்தான், அதற்கடுத்து மசித்ததில், கடைசியாகச் சாற்றில். ஜங்ஷன் பஸ் நிலையத்தருகே சாத்துக்குடி பிழிகிற கடையில் சக்கைக் கூடையைப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்த நார் அங்கே கிடக்கிறது.

மார்கழி, தை என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம், பனங்கிழங்கு போதும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கின் மேல்தோலை உரித்து, நடுவில் நகத்தை வைத்துப் பிளந்தால் உள்ளே குருத்து வரும். அதை எடுத்துவிட்டு, நுனியிலிருந்து நாராக வரும் தும்பை இழுத்து இழுத்துப் போட வேண்டும். பிறகு ஒடித்து வாயில் போட்டால் மாவும் தும்புமாக, மென்று மென்று தாடை வலிக்கும். எவ்வளவு பசியோடு இருந்தாலும் ஒரு கிழங்கை ஐந்து நிமிடத்துக்குள் யாராலும் தின்ன முடியாது. இரண்டாவது கிழங்கில் பெரும்பாலோர் தோற்றுவிடுவார்கள். பொங்கலுக்குக் கட்டுக் கட்டாக வாங்கி வாசலில் சாத்திவைத்துவிட்டு, மூன்றாம் நாள் காய்ந்துபோனதை எடுத்து எறிகிற வீடுகள் இருக்கின்றன. அவித்து, வட்டமாக நறுக்கிக் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இடித்து மாவாக்கிப் புட்டு அவிக்கலாம்.

ராத்திரி

புரோட்டா. வேறென்ன சொல்ல? செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர்வரை வண்டி கட்டிக்கொண்டு போகிற ஊர்க்காரர்கள் நாம். மைதாவும் எண்ணெயும் சேர்ந்த அடுக்கு மெல்லுமுன் இறங்கிவிடும். சால்னா அதற்குச் சறுக்குமரம். போகிற நாளில் வீட்டிலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு வெள்ளரிக்காயோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான்கு தின்கிற இடத்தில் இரண்டில் கை நிற்கும். மற்ற நாளில் சப்பாத்தி என்றால், மில்லில் அரைத்த மாவைச் சலிக்காமல் பிசையுங்கள். சல்லடையில் நிற்கிற தவிடுதான் அதில் மைதாவுக்கு இல்லாதது. கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால் சப்பாத்தி முரடாக வராது.

கடையில் பார்க்க வேண்டியது

சிறுதானியம் என்று போட்டிருந்தால் உடனே நம்பாதீர்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளையும் குதிரைவாலிகூட, தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கினால் நம் வெள்ளை அரிசிக்குத் தம்பிதான். தவிடு இருந்தால் மங்கலான பழுப்பு கலந்து இருக்கும். சீக்கிரம் சிக்குவாடை வரும் என்பதால் அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்குங்கள்.

பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் இருக்கும். பல தானியம் என்று முன்பக்கம் படம் போட்ட பிஸ்கட் ஒன்றில் முதலில் மைதா, பிறகு சர்க்கரை, பிறகு எண்ணெய், கடைசியில் பேருக்குக் கேழ்வரகு. அந்தக் கேழ்வரகை எடைபோட்டால் திருநீறு அளவுக்குத் தேறும்.

மெதுவாக, தண்ணீரோடு

நான் ஆர்வக்கோளாறில் முதல் வாரமே காலையில் காணம், மதியம் அகத்திக்கீரை, மாலையில் சுண்டல் என்று இறங்கினேன். வியாழக்கிழமை அலுவலகக் கூட்டத்தில் என் வயிறு பேசியதை மேசையின் மறுமுனையில் இருந்தவரும் கேட்டார். விவரம் வேண்டாம்.

வாரத்துக்கு ஐந்து கிராம் போலக் கூட்டிக்கொண்டு போங்கள். அதாவது ஒரு வாரம் பொரியல், அடுத்த வாரம் சுண்டல், அதற்கடுத்த வாரம் தொலி உளுந்து. பெருங்குடல் நுண்ணுயிரிகளுக்கும் பழகுவதற்கு அவகாசம் வேண்டும். பயறுகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவையுங்கள். பூண்டு, இஞ்சி, பெருங்காயம் என்று நம்மவர்கள் போடுவதையும் போடுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதில் இறுகிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் இதை மறந்துவிடாதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்; மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறும் கீரையும் பழமும் தரும் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். அவர்கள் கேட்காமல் எதையும் கூட்டக்கூடாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, சொல்லப்பட்ட இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். நார் அதை உடம்பு ஏற்பதைக் குறைக்கும். குடலில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், மலத்தில் ரத்தம் பார்த்தவர்கள், காரணமில்லாமல் மெலிகிறவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பல் இல்லாத பெரியவர்களுக்குச் சுண்டலைத் திணிக்காமல் உளுந்தஞ்சோற்றைக் குழைய வைத்துக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள்

கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு விதிவிலக்கு கொடுத்துவிடுங்கள். சிறுபருப்பும் காயும் போட்டு, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து ஊற்றி, இஞ்சித் துவையலோடு இலையில் விழும்போது நார்க் கணக்குப் பேசுகிறவனைப் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள்.

வீட்டில் சொதி வைக்கிற நாளில் மட்டும் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் கொட்டாதீர்கள். வாயகன்ற சட்டியில் ஈரம் போக வறுத்து, ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். ருசியில் பாதி பாலோடு போயிருக்கும். துவையலில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். சீனியவரைக்காய்ப் பொரியலில் போட்டேன். அத்தை சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்கள்.